பள்ளி பூட்டியிருக்கும் நாள்களுக்காக

கண்ணு, ஆசிரியராகச் சேர்ந்துவிட்டாய், சந்தோஷம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது நீ படித்துக்கொண்டிருந்தாய். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். புயலோ நோயோ வந்து பள்ளி மறுபடி பூட்டும் நாள் உன் காலத்திலும் வரும். அன்றைக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. போன் யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேள். பல வீடுகளில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளை கைக்குப் போன் வரும். காலை பத்து மணிக்கு வராத பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடாதே. ஒரு வாரத்து வேலையை மொத்தமாகக் கொடு. எதை எந்த நாளில் செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். தானாகப் படிக்கும் பழக்கம் அந்தச் சின்ன முடிவில்தான் தொடங்குகிறது.

2. கேமராவைப் போடச் சொல்லி அதட்டாதே. ஒற்றை அறை வீட்டில், படுத்த படுக்கையான பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் முகத்தைக் காட்டவே இல்லை. நோட்டில் ஒரு கணக்கையும் விடவில்லை.

3. பாடத்தின் அளவைக் குறை. கேள்விக்கு நேரம் கொடு. வடிவொத்த முக்கோணங்கள் நடத்தியபோது, வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒரு மரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பனையேறி ஒருவரின் மகன், குச்சியின் நிழலையும் பனையின் நிழலையும் அளந்து கணக்குப் போட்டான். "நான் ஏறுற மரம் இவ்வளவு குட்டையா?" என்று அவன் அப்பா கேட்டுவிட்டாராம். பையன் சோர்ந்துபோய் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. "எத்தனை மணிக்கு அளந்தாய்?" என்று மட்டும் கேட்டேன். குச்சியை எட்டு மணிக்கும், கஞ்சி குடித்துவிட்டு வந்து மரத்தை ஒன்பது மணிக்கும் அளந்திருக்கிறான். மறுநாள் இரண்டையும் ஒரே நேரத்தில் அளந்தான். அதோடு நிற்காமல், மணிக்கொரு தடவை நிழல் எவ்வளவு சுருங்குகிறது என்று அட்டவணையும் போட்டு அனுப்பினான். அதை நான் கேட்கவே இல்லை. அன்று விடையைச் சொல்லியிருந்தால் அந்த அட்டவணை வந்திருக்காது. பொறுமைதான் நம் தொழிலில் பாதி, கண்ணு.

4. வீடியோவைப் பார்த்தாயிற்று என்றால் படித்தாயிற்று என்று ஆகாது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, பாடநூலில் க்யூஆர் கோடு இருந்தது. எல்லாம் நல்ல உதவிகளே. ஆனால் பார்த்து முடித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதச் சொல். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே முந்தினார்கள்.

5. வாரக் கடைசியில் மூன்று வரி எழுதச் சொல்: என்ன முடித்தேன், எங்கே சிக்கிக்கொண்டேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன். அதற்கு மதிப்பெண் போடாதே. போட்டால் பிள்ளைகள் சிக்கலை மறைக்கப் பழகிவிடுவார்கள்.

6. பெயர் சொல்லிப் பதில் போடு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகராதே. எல்லாருக்கும் ஒரே நாளில் முடியாது. நாளுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துக்கொள்.

7. தானே படிக்கட்டும் என்று விடுவது வேறு, கைவிடுவது வேறு. குழுவில் சத்தமில்லாமல் போன பிள்ளையைத் தேடிப் போ. அந்த நாள்களில் எத்தனையோ பையன்கள் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள். வாசலில் போய் நின்று கூப்பிட்டதால்தான் சிலர் திரும்பினார்கள். இதை ஒரு செயலியும் செய்யாது.

8. பெற்றோர் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. "இன்னிக்கு என்ன படிச்ச, சொல்லு" என்று கேட்டு, முழுதாகக் காதுகொடுத்தால் போதும். எழுத்தறியாத தாயும் இதைச் செய்யலாம். அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியது நீ.

9. பள்ளி திறந்ததும் எல்லாவற்றையும் உன் கைக்கே எடுத்துக்கொள்ளாதே. 2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் திறந்தபோது, விட்டுப்போன பாடத்தை முடிக்கும் அவசரம் எங்கள் எல்லாரையும் பிடித்துக்கொண்டது. அந்த அவசரத்திலும் வாரத்தில் ஒரு பீரியடைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவை. எதைப் படிப்பது, யாரோடு படிப்பது என்பதை அவர்கள் தேர்ந்துகொள்ளட்டும். நீ பின்வரிசையில் உட்கார்ந்திரு, கூப்பிட்டால் போ.