கணீரென்று ஒலித்தால் குளிருமா?

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சி, மளிகைச் சந்தைக்குப் பேர்போன ஊர். அங்கே மிளகையும் சீரகத்தையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து வாங்குகிறவர், தண்ணீர்ப் பானை என்றால் விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த பானை; நன்றாக வெந்தது நன்றாகக் குளிரும் என்பது கணக்கு.

கணக்கில் பாதி சரி. விரிசல் இல்லை, மண் இறுகியிருக்கிறது என்று ஓசை சொல்லிவிடும். குளிர்ச்சி வேறு விவகாரம்.

களிமண்ணோடு வேதியியல்படி பிணைந்திருக்கும் நீர் சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியசுக்குள் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அந்த மண் தண்ணீரில் கரையாது. ஆனால் துகள்களுக்கு நடுவே நுண்துளைகள் ஏராளம். அவற்றின் வழியே கசிந்து, வெளிப்புறத்தில் ஆவியாகும் நீர்தான் உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சூளையின் சூடு இன்னும் ஏறினால் மண்ணில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோலாகித் துளைகளை அடைக்கும். ஏறத்தாழ 1,200 டிகிரியில் சுடப்படும் ஊறுகாய் ஜாடியும் சுண்டினால் கணீரென்றுதான் ஒலிக்கும். அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் குளிராது, கசியாததால்.

நிறத்தைப் பார்த்துச் சூட்டை அளப்பவர்களும் உண்டு. கருத்திருந்தால் தீய்ந்தது, சிவந்திருந்தால் பதமாக வெந்தது என்பார்கள். சூட்டைவிடச் சூளைக்குள் புகும் காற்றுக்கே இதில் பங்கு அதிகம். காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஹெமடைட்டாகிச் சிவக்கும். காற்று குறைந்து புகை சூழ்ந்தால் கரி படிந்து கருக்கும். கீழடி அகழாய்வில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் காலச் சூளைக்கு அவ்வளவு சூடு ஏது என்று கேட்பவர்களுக்கும் அங்கேயே பதில் கிடைக்கிறது: தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கை, சூடு 1,100 டிகிரியை எட்டியதாகச் சொல்கிறது. அந்தப் பானைகளின் கருப்புப் பூச்சை ஆராய்ந்த வேலூர் விஐடி ஆய்வாளர்கள், அதில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020இல் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். குயவர் அதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது கொஞ்சம் அவசரம்.

டைல்ஸ் கடையில் வேறொரு நம்பிக்கை: பளபளப்பே உறுதி. பளபளப்பு மேலே பூசிய மெருகின் வேலை. உடலின் கதை பின்பக்கத்தில் இருக்கிறது. சர்வதேச தர அளவுகளில் 0.5 சதவீதத்துக்குமேல் நீர் உறிஞ்சாதது மிகக் குறைந்த உறிஞ்சல் வகை. விட்ரிஃபைட் டைல்ஸ் இதில் சேரும். சாதாரணச் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலேயே உறிஞ்சும். பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும், கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.