சினைமாட்டின் உதிரப்போக்கு

காவிரியின் வடகரையிலுள்ள முசிறிப் பகுதியில், பயிர்த்தொழிலோடு கறவை மாடுகளும் குடியானவர்களுக்கு ஜீவனாதாரமாகும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எருமையினது 310 நாள். இதன் கடைசி மூன்று மாதங்களில் உதிரம் கசியுமாயின் அதனை அற்பமாக எண்ணலாகாது. கன்று வீசிவிட்டால் ஓர் ஈற்றின் பலன் முழுவதும் நஷ்டமாகும்.

காரணங்கள்: பிற மாடு முட்டுதல், வழுக்கி விழுதல், கருப்பை முறுக்கிக்கொள்ளுதல், தொற்றுநோய் முதலியன. ஐந்தாம் மாதத்திற்குமேல் கன்று வீசச் செய்யும் தொற்றுக்களில் முக்கியமானது புருசெல்லா என்னும் கிருமியாகும். மாடுகளில் இதனை 1897-இல் கண்டறிந்தவர் டென்மார்க்கு தேசத்துப் பாங் என்னும் மருத்துவர்.

சிகிச்சை: உதிரம் கண்டவுடன் மாட்டைத் தனியே சமதரையில் கட்டி, வைக்கோல் பரப்பி, கால்நடை மருத்துவரை வரவழைத்தல் வேண்டும், 1962 என்னும் எண்ணிலும் தொலைபேசி வாயிலாக அழைக்கலாம். கையை உள்ளே செலுத்துவதும், கன்றைப் பலவந்தமாய் இழுப்பதும் கூடா.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது பழைய வழக்கம். வீசிய கன்றின் கொடியை அவ்வாறு செய்தால், நாய்களும் காகங்களும் நோயைப் பல தொழுவங்களுக்குப் பரப்பும். வாய்க்காலில் எறிவதும் தவறே. கன்றையும் கொடியையும் ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும். இந்நோய் மனிதருக்கும் விட்டுவிட்டு வரும் சுரத்தை உண்டாக்குமாதலின், அவற்றை வெறுங்கையால் தொடலாகாது. பாலை நன்கு காய்ச்சியே அருந்துக.

தடுப்பு: 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடுதல் அவசியம். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இது இலவசமாகும். வழக்கமான இவ்வூசியைச் சினைமாட்டிற்குப் போடலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் ஊசி போடும் நாளை முன்னதாக அறிவித்து, கன்றுகளை ஓரிடத்தில் சேர்ப்பித்து உதவுவார்களாக.