புற்றுநோய் மருந்தும் செல்லுக்குள் இருக்கும் குழல்களும்

குடும்பத்தில் ஒருவருக்குக் கீமோதெரபி தொடங்கியதும் நாம் கேட்பது இதுதான்: முடி ஏன் கொட்டுகிறது? கை, கால் ஏன் மரத்துப்போகிறது? விடை செல்லுக்குள் இருக்கிறது.

டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து, செல்லுக்குள் மெல்லிய குழல்களாக நிற்கிறது. ஒரு குழலின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர். தேவைக்கேற்ப இவை நீளும், கலைந்தும் போகும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் சரியாகப் பங்கிட்டுக் கொடுப்பவை இவையே. பங்கீடு தடைபட்டால் செல் பிரிய முடியாமல் மடியும். புற்றுநோய் செல்கள் ஓயாமல் பிரிவதால், மருந்து இந்த இடத்தில் தாக்குகிறது.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்காக ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்து கிடைத்தது. அது குழல் உருவாவதையே தடுக்கும். பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பாக்லிடாக்ஸல் இதற்கு நேர்மாறு: குழலைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். இதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார்.

முடியின் வேர்ச் செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால் முடி கொட்டுகிறது. நீண்ட நரம்பிழைகளுக்குள் சத்துகள் பயணிக்கும் பாதையும் இதே குழல்கள்தாம். அவை பாதிக்கப்படுவதால் விரல்கள் மரக்கின்றன.

எனவே, நல்ல செல்லை விட்டு நோய்ச் செல்லை மட்டும் அடிப்பது எப்படி என்பதே புதிய மருந்துகளை வடிவமைப்போரின் கேள்வி. அமெரிக்காவில் 2013இல் ஒப்புதல் பெற்ற ட்ராஸ்டுசுமாப் எம்டான்சின் அதற்கு ஒரு விடை. ஹெர்2 என்ற புரதம் மிகுந்த மார்பகப் புற்றுச் செல்லைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தோடு, குழலைச் சிதைக்கும் மருந்தை இணைத்திருக்கிறார்கள். செல்லுக்குள் போன பிறகே அந்த மருந்து விடுபடும். பக்கவிளைவு முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் குறி கூர்மையாகியிருக்கிறது.

சகோதர, சகோதரிகளே! இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். மரத்துப்போதல் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற அவரால் முடியும். நீங்களாகச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அடுத்து, மருந்து கிடைத்த செடிதானே என்று நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்காதீர்கள். அது நஞ்சு, அளவறிந்து பிரித்தெடுத்த பிறகே அது மருந்து.