பட்டாவும் பத்துப்பாட்டும்

நுழையும்முன்

எழுதத் தெரியாத ஒருவர் நாற்பது வயதில் பலகையைக் கையில் எடுக்கிறார். எல்லாம் கற்றவர் எனப் போற்றப்பட்ட ஒருவர் தமக்கு ஒன்றும் தெரியாது என உணர்ந்து ஊர் ஊராக அலைகிறார். இவ்விருவரையும் கற்கத் தூண்டியது எது? வளர்ந்தோர் கற்கும் முறையைப் பொருநை நிலத்தின் வழியே ஆராய்கிறது இப்பாடம்.

தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பீடி சுற்றுதல் பெண்களின் முதன்மையான வீட்டுத்தொழில். இலையும் தூளும் எடைபோட்டுத் தரப்படும். சுற்றிய பீடிகள் எண்ணிப் பெறப்படும். இவ்வளவு இலைக்கு இத்தனை பீடி தேறும், இத்தனை பீடிக்கு இவ்வளவு கூலி என்னும் கணக்கு அப்பெண்களின் விரல்நுனியில் இருக்கும். ஆயினும், கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவது யாது என்பதை எழுத்தறியாத ஒருவர் எழுதுபவரின் வாய்ச்சொல்லைக் கொண்டே அறிய இயலும். அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில், வந்து நிற்கும் பேருந்து பாபநாசம் செல்வதா, தென்காசி செல்வதா என அருகில் நிற்பவரைக் கேட்டே ஏற வேண்டும். கணக்கு அறிந்தவர், உலகம் அறிந்தவர், ஒரு குடும்பத்தையே தாங்குபவர், ஆனால் எழுத்தறியாதவர்.

இத்தகையவர் எழுத்துக் கற்க முன்வரும்போது, குழந்தைக்குக் கற்பிப்பதுபோல ‘அணில், ஆடு, இலை’ எனத் தொடங்குவது பொருந்துமா? குழந்தை, ‘இதனை ஏன் கற்க வேண்டும்?’ எனப் பெரும்பாலும் கேட்பதில்லை. பயன் பின்னர் விளங்கும் என்று பெரியோர் சொல்வதை நம்பி அது கற்கிறது. வளர்ந்தவருக்கோ பகலெல்லாம் உழைத்த களைப்பு உண்டு. தம் பிள்ளையின் வயதுடைய இளைஞரிடம் கற்கும் கூச்சம் உண்டு. பயனில்லை எனக் கண்டால் மறுநாள் வராமல் இருந்துவிடும் உரிமையும் உண்டு. பள்ளிக்கு அமைந்த கட்டாயம் இங்கு இல்லை. ஆகவே, முதல் நாளிலேயே பாடம் அவர் வாழ்க்கையைத் தொட்டாக வேண்டும்.

1988ஆம் ஆண்டு தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. ‘முதியோர் கல்வி’ என்று வழங்கினும், அதன் இலக்கு 15 முதல் 35 வயதிற்கு உட்பட்டவர்களே. பதினோராம் வகுப்பு மாணவரின் வயதும் அதனுள் அடங்கும் என்பதை எண்ணினால் அத்தொடரின் பொருத்தமின்மை புலப்படும். 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தமிழக மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் பரவியது. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்த் தெருக்களிலும் தொண்டர்கள் மாலை வகுப்புகளை நடத்தினர். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

அறிவொளியின் தொடக்கப் பாடத்தில் இடம்பெற்ற சொல் ‘பட்டா’. ப, ட், டா என்னும் எழுத்துகளை அறிமுகம் செய்ய எத்தனையோ சொற்கள் உண்டு. எனினும், ‘பட்டா’ என்றவுடன் வகுப்பில் பேச்சு எழும். நிலம் யாருடையது? பட்டா யார் பெயரில் உள்ளது? உழுபவர் பெயர் அதில் இல்லாதது ஏன்? பெண்ணின் பெயர் இல்லாதது ஏன்? எழுத்தை அறியுமுன்பே அச்சொல்லின் பொருளை ஆசிரியரைவிட ஆழமாக அறிந்தவர்கள் அங்கே அமர்ந்திருந்தனர். அறிந்த பொருளுக்கு எழுத்து வடிவம் கிடைத்தபோது கைநாட்டு வைத்த விரல் கையொப்பம் இட்டது.

இம்முறையின் வேர் பிரேசில் நாட்டைச் சேர்ந்த கல்வியாளர் பாவ்லோ பிரையரிடம் உள்ளது. அவர் 1963இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு எழுத்தறிவிக்கும் பணியை நடத்தினார். கற்போரின் அன்றாட வாழ்விலிருந்தே சொற்களைத் தேர்ந்தார். மறு ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் அவரைச் சிறையில் அடைத்தது. பின்னர் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. செங்கல் என்ற சொல்லை எழுதக் கற்றவர், அந்தச் செங்கல்லால் எழும் வீடு யாருக்கு எனவும் கேட்பார் அல்லவா?

தம் தேவையிலிருந்து கற்றல் எழுத்தறியாதவர்க்கு மட்டும் உரியதன்று. எழுத்திலேயே ஊறியவர்க்கும் அதுவே வழி என்பதற்குச் சான்று உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தபோது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணங்கள் எனப் பற்பல நூல்களைப் பாடம் கேட்டவர். அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்றவற்றை அடுக்கியபோது முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். இல்லை என்பதே விடை.

பட்டமும் பதவியும் பெற்ற ஒருவர்க்கு இவ்விடத்தில் இருவழிகள் உண்டு. கேட்டவரைக் குறைகூறி விலகலாம். அல்லது மீண்டும் மாணவராகலாம். சாமிநாதையர் சமண சமயக் கருத்துகளை அறியக் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்று கேட்டார். வளர்ந்தோரின் முன்னறிவு அவர்தம் செல்வம். சிலபோது அதுவே தடையும் ஆகும். இதுவரை கற்றதே தமிழ் என்னும் எண்ணத்தைக் கைவிடுவது, புதிதாக ஒரு நூலைக் கற்பதினும் கடினம்.

சிந்தாமணியின் உரையில் நச்சினார்க்கினியர், நூற்பெயர் சுட்டாமல் பல மேற்கோள்களை ஆண்டிருந்தார். அவை எந்த நூல்களைச் சேர்ந்தவை என்ற வினா அவரைப் பத்துப்பாட்டிடம் இட்டுச் சென்றது. யாரும் வகுத்துத் தராத பாடத்திட்டம் அது. ஒரு நூலே அடுத்த நூலைக் காட்டியது. 1887இல் சிந்தாமணி வெளிவந்தபின் பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்தார். தெற்குப் புதுத்தெருவில் கவிராயர் வீட்டில் ஏடுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்த காட்சி அவரை நெகிழ்வித்தது. அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே ஆழ்வார்திருநகரியை அடைந்தார். இலட்சுமண கவிராயர் வீட்டு ஏடுகளில் நாள்கணக்கில் தேடியும் வேண்டியது அகப்படவில்லை. அவ்வூர்த் திருவிழா இரவு ஒன்றில், கவிராயரின் மாமனார் வீட்டிலிருந்த சுவடி அவர் கைக்கு வந்தது. விடியும்வரை பொறுக்க அவரால் இயலவில்லை. நிலவொளியிலேயே பிரித்துப் பார்த்தார், முல்லைப்பாட்டு கண்ணிற்பட்டது. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது.

தனியொருவராகத் தேடுவது ஒருவகை. கூடிக் கற்பது மற்றொரு வகை. 1920களில் திருநெல்வேலியில் வழக்கறிஞர் டி.கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்துத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடினர். அக்கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. கம்பரின் பாடலொன்றைப் பலமுறை வாய்விட்டுப் படிப்பர், நயம் பேசுவர், மறுப்பர். தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. கம்பராமாயணத்தில் இன்ன பாடல் கம்பருடையது, இன்னது இடைச்செருகல் என டி.கே.சி. துணிந்து கூறியதைப் புலவர் பலர் ஏற்கவில்லை; அதுவும் நியாயமே. தம் சுவையைத் தாமே நம்பிக் கற்பவர், தம் பிழைக்கும் தாமே பொறுப்பாவார்.

வளர்ந்தோர் கற்கும் முறைக்கெனத் தனிப் பெயரை 1833இல் ஜெர்மானிய ஆசிரியர் அலெக்சாண்டர் காப் பயன்படுத்தினார். அதனைப் பின்னாளில் பரப்பியவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். 1970இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பு, வளர்ந்தோர் கல்வியையும் குழந்தைக் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980இல் அதனைத் திருத்தி, குழந்தைக் கல்வியிலிருந்து வளர்ந்தோர் கல்விக்கு என மாற்றினார். அத்திருத்தம் தேவையானதே. குறுக்குத்துறைப் படித்துறையில் நீந்தப் பழகும் பத்து வயதுச் சிறுவன் தன் கல்வியைத் தானே நடத்துகிறான். ஐம்பது வயதில் கணினி முன் முதன்முறை அமர்பவர் அடுத்து எந்த விசையை அழுத்துவது எனக் கேட்டுக் கேட்டுச் செய்கிறார். வயது மட்டுமே எல்லைக்கோடு அன்று.

எழுதக் கற்ற அனைவரும் எழுத்தைத் தக்கவைத்துக் கொள்ளவில்லை. வகுப்புகள் நின்றபின், வாசிக்க ஒன்றும் இல்லாத வீடுகளில் எழுத்துகள் மெல்ல மறைந்தன. அவ்வெழுத்துகளுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தவற்றுள் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் குறிப்பிடத்தக்கன. மாதந்தோறும் தீர்மானப் புத்தகம் எழுதியாக வேண்டும். சேமிப்பையும் கடனையும் வரவு வைத்தாக வேண்டும். பீடித்தட்டை ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு அப்புத்தகத்தைப் பிரிப்பவர், இப்போது தாமே கணக்கை எழுதுகிறார். அருகில் இருப்பவர் அதனைச் சரிபார்க்கிறார்.