தறிக்கூடம் கட்டுமுன் விலைப்புள்ளி பெறும் முறை

சங்க உறுப்பினர் ஒருவர் பட்டுப் புடவை நெய்ய முன்வரும்போது நடப்பது யாது? பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. புடவையின் நீளம், கரையின் அகலம், முந்தானையின் அளவு யாவும் குறிக்கப்படுகின்றன. நெய்து முடித்த புடவையும் நிறுத்தே வாங்கப்படுகிறது. "ஒரு நல்ல புடவைக்குக் கூலி என்ன?" என்று பொதுவாகக் கேட்டால் ஆரணியில் எவரும் விடை கூறார். ஆயினும் அதே உறுப்பினர் தம் வீட்டோடு ஒரு தறிக்கூடம் சேர்த்துக் கட்ட முற்படும்போது, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று மேஸ்திரியிடம் ஒரே கேள்வி கேட்டு, அவர் சொன்ன தொகையை நம்பி முன்பணமும் கொடுத்துவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், கடன் தவணை தவறிய உறுப்பினர் ஒருவரின் இல்லத்துக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றேன். சுவர்கள் எழும்பி நின்றன, மேல்தளம் இல்லை. தறியைக் கழற்றித் திண்ணையில் அடுக்கியிருந்தனர். கம்பியின் விலை தம் கணக்கில் சேராது என்றார் மேஸ்திரி. எல்லாம் சேர்த்தே பேசியது என்றார் உறுப்பினர். இருவரிடமும் எழுத்து எதுவும் இல்லை. இருவரும் பொய்யர் அல்லர். ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் கொண்டிருந்தனர். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. தறி நான்கு மாதம் நின்றது, கூலியும் நின்றது, வட்டி மட்டும் நிற்கவில்லை.

இந்நிலை நேராதிருக்க வேண்டுமாயின் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. பட்டியல் நம்முடையதாக இருத்தல்

விலை கேட்குமுன் வேலைப் பட்டியலை நாமே எழுத வேண்டும். அறையின் நீளம், அகலம், உயரம், கடைக்காலின் ஆழம், சுவரின் கனம், சிமெண்ட், மணல், ஜல்லி ஆகியவற்றின் கலவை விகிதம், கம்பியின் தடிமன், கதவு, சன்னல்களின் எண்ணிக்கை ஆகிய யாவும் அதில் இடம்பெறுக. தறிக்கூடத்துக்கே உரியவை மூன்று உண்டு. தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி அமையுமாயின் அதற்கேற்ற உயரம் வேண்டும். தறிக்குழியைச் சுவரை ஒட்டித் தோண்டினால் கடைக்கால் வலுவிழக்கும். ஆதலின் குழியின் இடத்தை வரைபடத்திலேயே குறித்தல் வேண்டும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் கசிந்தால் பட்டும் ஜரிகையும் கெடும். ஆகவே குழிக்குக் கட்டுச்சுவரும் நீர்புகாப் பூச்சும் உண்டா என்பது தெளிவாக இருக்க வேண்டும். இப்பட்டியலின் பிரதிகளை மூவரிடம் கொடுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியே விலை எழுதித் தருமாறு கேட்க.

2. அளவு எங்கிருந்து எங்கு வரை?

நம் பக்கத்தில் 100 சதுர அடியை ஒரு 'சதுரம்' என்பர். ஆனால் அளப்பது சுவரின் உட்புறமா, வெளிப்புறமா? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இதில் வரும் விலைகள் கணக்கின் பொருட்டுக் கொண்டவையே.

உள்ளளவில் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள கூடம் 240 சதுர அடியாகும். நீளப் பக்கம் ஒன்றில் பழைய வீட்டுச் சுவரே உள்ளது. ஏனைய மூன்றும் 9 அங்குலப் புதுச் சுவர்கள். வெளியளவில் கூடம் 21½ அடிக்கு 12¾ அடி, அதாவது ஏறத்தாழ 274 சதுர அடி ஆகிவிடும். ஒருவர் சதுர அடிக்கு 1,800 ரூபாய் என்று கூறி வெளியளவில் கணக்கிடுகிறார். தொகை 4,93,200 ரூபாய். மற்றவர் 2,000 ரூபாய் என்று கூறி உள்ளளவில் கணக்கிடுகிறார். தொகை 4,80,000 ரூபாய். மலிவாகத் தோன்றியவரே 13,200 ரூபாய் அதிகம் கேட்டவர் ஆகிறார்!

3. சேர்ந்தவையும் சேராதவையும்

கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா என்பது முதற்கேள்வி. அடுத்து, மின்கம்பி வேலை, வெள்ளையடித்தல், படிக்கட்டு, கட்டட அனுமதிக் கட்டணம், இடித்த மண்ணை அகற்றுதல், வேலைக்கான தண்ணீர் ஆகியவை எவர் பொறுப்பு என்று கேட்க. 'சேராதவை' என்ற தலைப்பிட்டு அவற்றை மேஸ்திரியின் கையாலேயே எழுதி வாங்குதல் சிறப்பு. இடையில் கூடுதல் வேலை தோன்றினால், அதன் விலையைக் குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்னரே தொடங்குக.

4. பணம் வேலையைப் பின்தொடர்க

முன்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. கடைக்கால், லிண்டல் மட்டம், மேல்தளம், பூச்சு என்று படிப்படியாக, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுக்க. இறுதிப் பத்தில் ஒரு பங்கை ஒரு மழை கண்டபின் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளலாம். ஒப்பிய தவணையை நாமும் நாள் தவறாது கொடுத்தல் வேண்டும். மேஸ்திரியும் கூலியாள் பலருக்குப் பதில் சொல்ல வேண்டியவரே.

5. எழுத்தே சான்று

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லக்கூடும். ஆனால் அதை மெய்ப்பிப்பது அரிது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. இன்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கு நமக்காகப் பேசுவன பட்டியலும் இரசீதுகளுமே.

நெற்களமும் களஞ்சியமும் கட்டும் உழவருக்கும் இதுவே முறை. அன்றியும், கட்டி முடித்தவர் தம் ஒப்பந்தத்தின் பிரதியைச் சங்க அலுவலகத்தில் வைப்பாராயின், அடுத்துக் கட்டுபவருக்கு அது வழிகாட்டும். ஒருவர் பட்ட அறிவு அனைவருக்கும் பயன்படுதலே கூட்டுறவு.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கண்ட கூடத்தை இருவரும் உள்ளளவில் அளந்திருந்தால் எவர் தொகை குறைவு? எவ்வளவு குறைவு?
2. நும் வீட்டுத் தறிக்குழிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு யாது?
3. நும் பட்டியலில் மேஸ்திரி 'சேராதவை' என்று எழுதக்கூடியவை எவை?