சிரிப்பதற்கு முன் கழுவுங்கள்



ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம்மவர்கள் கை சும்மா இருக்காது. தோட்டத்து வீட்டில் கோழிக்கூண்டு அடிப்பார்கள். செராஸ் பக்கம் குடியேறிய பிள்ளைகள் வீட்டில் அலமாரி பொருத்துவார்கள். காலில் ஆணி ஏறும், ரம்பம் விரலைக் கீறும். "அட, கொசு கடிச்ச மாதிரிதான்!" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

ரத்தம் கொட்டும் வெட்டைக் கண்டால் பயப்படுகிறோம். ஆணிக் குத்தில் ரத்தம் அதிகம் வராது, அதனால் அலட்சியம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மண்ணிலும் சாணத்திலும் உள்ள ரண ஜன்னிக் கிருமி, காற்றுப் புகாத ஆழமான காயத்தில்தான் நன்றாக வளரும். ஆணி துருப்பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. புது ஆணியிலும் மண் ஒட்டியிருக்கலாம். பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகும், விழுங்க முடியாது, உடம்பு வில்லாக வளையும். உயிரே போகலாம்.

செய்ய வேண்டியவை:

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.

2. அன்றைக்கே கிளினிக் போங்கள். கடைசியாக ரண ஜன்னி ஊசி போட்டது எப்போது என்று சொல்லுங்கள். அழுக்குப் பட்ட காயமானால், 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடியும் ஊசி தேவை.

3. ஆழமாகக் குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணில் இரும்புத் தூள் பட்டால் கசக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். செராசில் உள்ளவர்களுக்கு, 1997-இல் திறக்கப்பட்ட துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை உண்டு. அவசரத்துக்கு 999.

பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். சிரிப்பது தப்பில்லை தோழர்களே. ஊசி போட்டுக்கொண்டு வந்து சிரிப்போம்!