இடம்பெயர்ந்த துறைமுகங்கள்

கொல்கத்தாவில் லேக் கார்டன்சுக்கு அருகே, டாலிகஞ்சு வழியாக ஒரு குறுகிய கால்வாய் ஓடுகிறது. அதன் பெயர் ஆதிகங்கை. முற்காலத்தில் கங்கையின் நீர் இவ்வழியே கடலை நோக்கிச் சென்றது; வணிகப் படகுகளும் சென்றன. நீர் வேறு வழியில் பாயவே, ஆதிகங்கை தூர்ந்தது. 1770-களில் வில்லியம் டாலி என்னும் ஆங்கிலேயர் அதனை வெட்டி ஆழப்படுத்தினார். டாலிகஞ்சு என்னும் பெயர் அவரால் வந்ததே. இன்று அக்கால்வாயில் மெட்ரோ இரயிலின் தூண்கள் நிற்கின்றன.

ஆறு வழி மாறினால் நகரமே நலிவதும் உண்டு. இக்காலத் தம்லுக் நகரமே பண்டைய தாமிரலிப்தி. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாகியான் அங்கு ஈராண்டுகள் தங்கினார். பின்னர் வணிகக் கப்பலேறி இலங்கை சென்றார். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங்கும் அந்நகரைக் கண்டார். அதன்பின் வண்டல் படிந்து கப்பல் வழி அடைபட்டது. ஆயினும் பழியை ஆற்றின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. வண்டல் ஒரே நாளில் படிவதன்று. கடல் வணிகத்தையே பெரிதும் நம்பிய நகருக்கு, அது குன்றியபோது வேறு பற்றுக்கோடு இல்லாமற்போயிற்று.

சப்தகிராமத்தின் கதை வேறு. 16ஆம் நூற்றாண்டில் சரசுவதி ஆறு தூர்ந்தபோது அத்துறைமுகமும் வீழ்ந்தது. ஆனால் அங்கிருந்த சேட், பசாக் குடும்பத்து வணிகர் சிலர் ஊக்ளி ஆற்றின் கரையில் கோவிந்தபூருக்குக் குடிபெயர்ந்தனர். அருகே சுதானுட்டியில் துணிச்சந்தை வளர்ந்தது. 1690இல் ஜாப் சார்னாக் வந்திறங்கியபோது அச்சந்தை முன்னரே அங்கு இருந்தது. ஊர் ஒடுங்கியது, தொழில் ஒடுங்கவில்லை.

தமிழகத்துக் கொற்கையும் இத்தகையதே. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையில், தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகியது. (தாமிரலிப்தி, தாமிரபரணி ஆகிய இரு பெயர்களிலும் செம்பைக் குறிக்கும் சொல் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.) இன்று அது கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். துறைமுகம் காயலுக்குச் சென்றது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலின் வளத்தைக் கண்டு எழுதினார். காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி சிறப்புற்றது. முத்துக்குளிப்பும் கரையோடு கரையாக இடம்பெயர்ந்தது.

கொல்கத்தாத் துறைமுகத்தையும் வண்டல் விடவில்லை. ஊக்ளியில் நீரோட்டத்தைப் பெருக்க 1975இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியது. ஆழம் வேண்டும் பெரிய கப்பல்களுக்காக 1977இல் ஹால்தியாவில் புதிய கப்பல்துறை திறக்கப்பட்டது. ஹால்தியா இருப்பது தம்லுக்கைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தில்தான்.

சொற்பொருள்: வண்டல் – ஆற்றுநீர் கொணர்ந்து படியவிடும் மண், தூர்தல் – மண் நிரம்பி ஆழம் குறைதல், பற்றுக்கோடு – ஆதாரம்.

வினா: சப்தகிராமத்து வணிகர் இடம்பெயராமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து தொடர்களில் எழுதுக.